வெண்கல முரசு குதிரையான கதை



மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத் தோழர்கள் வகுப்புக்கு வந்தபோது, "நான் வியட்நாம் பற்றி எழுதறேன்" என்றேன். உடனே, "ஹோ சி மின்னா? அமெரிக்காவை விரட்டின கதையா?" என்று கேட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் எழுதப் போவது அதற்கு ரொம்ப முந்தைய கதை. அமெரிக்காவுக்கு முன்னால் பிரான்ஸ். பிரான்சுக்கு முன்னால் சீனா.

கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, நடுவில் சில கலகக் காலங்கள் போக, ஏறக்குறைய ஆயிரம் வருடம் வட வியட்நாம் சீனப் பேரரசுகளின் கையில் இருந்தது. அந்த ஆயிரம் வருடமும், விடுதலைக்குப் பிறகு இன்னும் பல நூறு வருடமும், சீன அதிகாரிகளும் தளபதிகளும் தூதர்களும் வியட்நாமியரைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்ன எழுதினார்கள்? எந்தக் கண்ணால் பார்த்தார்கள்? இதுதான் என் கட்டுரை.

மெக்கானிக்கல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். நம் மெட்ராலஜி லேபில் 'கோ - நோகோ' கேஜ் இருக்கிறதல்லவா? துளைக்குள் 'கோ' முனை போக வேண்டும், 'நோகோ' முனை போகக் கூடாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பொருளை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று அது கேட்காது. சீனர்கள் வியட்நாமியரைப் பார்த்த பார்வையைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த கேஜ்தான் ஞாபகம் வந்தது. போகப் போக உங்களுக்கும் புரியும்.

பெயரிலேயே பூச்சி

பழைய சீன நூல்களில் உலகம் ஒரு சதுரம் மாதிரி. நடுவில் 'நடு நாடு', அதாவது சீனா. நான்கு திசையிலும் நாலு வகையான நாகரிகமில்லாதவர்கள். தெற்கே இருப்பவர்களுக்கு 'மான்' என்று பெயர். அதை எழுதும் சீன எழுத்துக்குள்ளேயே பூச்சியைக் குறிக்கும் எழுத்து ஒளிந்திருக்கிறது! 'லீஜி' என்ற சடங்கு நூல் தெற்கத்தியரைப் பற்றிச் சொல்வது மூன்றே விஷயம்: நெற்றியில் பச்சை குத்துவார்கள், கால்விரல் குறுக்காக இருக்கும், சிலர் நெருப்பில் சமைக்காமலே சாப்பிடுவார்கள்.

'குறுக்கான கால்விரல்' என்பதற்கான சீனச் சொல் 'ஜியாவோஜி'. கி.மு. 111-ல் ஹான் பேரரசர் வூவின் படை தெற்கைப் பிடித்தபோது, இன்றைய ஹனோய் இருக்கும் வட்டாரத்துக்கு அந்தச் சொல்லையே மாவட்டப் பெயராக வைத்தார்கள். பிற்கால உரையாசிரியர்கள், 'அந்த ஊர்க்காரர்கள் நின்றால் இரண்டு கால் பெருவிரலும் ஒன்றையொன்று பார்க்கும்' என்று விளக்கமே எழுதிவிட்டார்கள். நேரில் போய்ப் பார்க்கும் முன்னாலேயே பெயர் வந்துவிட்டது. பெயருக்கு ஏற்றபடி காலைத் தேடினார்கள்!

உழவு சொல்லிக் கொடுத்த கதை

ஹான் ஆட்சியின் வரலாற்று நூலில் இரண்டு ஆளுநர்களைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறது. ஒருவர் ஜியாவோஜியை ஆண்ட ஷி குவாங். இன்னொருவர் அதற்குத் தெற்கே ஜியூஜென் மாவட்டத்தை ஆண்ட ரென் யான். காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் முதல் பாதி.

அந்த நூல் சொல்வது இது. அங்கே இருந்த மக்கள் வேட்டையாடிப் பிழைத்தார்கள். மாடு பூட்டி உழத் தெரியாது. செருப்பு இல்லை, தொப்பி இல்லை. முறையான கல்யாணம் இல்லை. ரென் யான்தான் இரும்புக் கருவிகள் செய்யச் சொல்லி உழவைக் கற்றுக்கொடுத்தார். வயதுக்கு வயது ஜோடி சேர்த்து, இரண்டாயிரம் பேருக்கும் மேல் ஒரே சமயத்தில் திருமணம் செய்து வைத்தார். நன்றியில் ஜனங்கள் பிள்ளைகளுக்கு 'ரென்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

படித்தால் நல்ல மனிதர் என்றுதான் தோன்றும். நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் மண்ணைத் தோண்டியபோது வேறு சாட்சி கிடைத்தது. ரென் யான் ஆண்ட அதே வட்டாரத்தில், இன்றைய தான் ஹோவா மாகாணத்தில், டோங் சோன் என்ற கிராமம் இருக்கிறது. 1924-ல் தொடங்கி அங்கே தோண்டத் தோண்ட வெண்கலப் பொருட்களாக வந்தன. அந்தக் கிராமத்தின் பெயரால்தான் அந்த நாகரிகத்தையே டோங் சோன் பண்பாடு என்கிறார்கள். 1982-ல் ஹனோய்க்குப் பக்கத்தில் கோ லோவா கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய வெண்கல முரசு கிடைத்தது. அதற்குள்ளே என்ன இருந்தது தெரியுமா? கிட்டத்தட்ட நூறு வெண்கலக் கலப்பைக் கொழுக்கள்! ஹான் படை வருவதற்கு முந்தைய காலம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். உழத் தெரியாதவன் நூறு கொழுவை முரசுக்குள் போட்டு ஏன் புதைக்க வேண்டும்?

கல்யாண விஷயமும் அப்படித்தான். 'முறையான கல்யாணம் இல்லை' என்று சொன்ன அதே நூல், சில வரி தள்ளி, டிருங் டிராக் என்ற பெண்ணை 'இன்னார் மகள், இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள்' என்று எழுதுகிறது. அவர்களிடம் கல்யாணம் இருந்திருக்கிறது. சீன முறைப்படி இல்லை, அவ்வளவுதான். கேஜுக்குள் போகாததை 'வேறு அளவு' என்று எழுதவில்லை, 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.

முரசு உருகியது

அந்த டிருங் டிராக்கும் தங்கை டிருங் நீயும்தான் கி.பி. 40-ல் கலகம் செய்தவர்கள். சீன ஆளுநர் சட்டம் காட்டி ஒடுக்கியதால் ஆத்திரப்பட்டு எழுந்தார் என்று சீன நூலே ஒத்துக்கொள்கிறது. 65 ஊர்கள் அவர் பக்கம் சேர்ந்தன. தானே அரசி என்று அறிவித்தார். பெண் என்று இளக்காரமாக எழுதாமல், மகா வீரம் உள்ளவர் என்றே அந்த நூலில் இருக்கிறது. மூன்று வருடம் அவர் ஆட்சி நடந்தது.

அடக்குவதற்கு மா யுவான் என்ற முதிய தளபதி வந்தார். கி.பி. 43-ல் சகோதரிகளின் கதை முடிந்தது. மா யுவான் அங்கே பிடித்த வெண்கல முரசுகளை என்ன செய்தார் என்பதுதான் என் கட்டுரையின் மையம்.

அந்த முரசுகள் சாதாரண வேலை இல்லை நண்பர்களே. ஹனோய் அருங்காட்சியகத்தில் இருக்கும் நோக் லூ முரசின் மேல்தட்டு சுமார் 79 செ.மீ. விட்டம். நடுவில் 14 கதிர் கொண்ட நட்சத்திரம். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பறவை, மான், இறகுத் தலைப்பாகை கட்டிய மனிதர்கள். செம்பு, வெள்ளீயம், காரீயம் கலந்த வார்ப்பு. மெல்லிய சுவர், அதன்மேல் இவ்வளவு நுணுக்கமான கோலம். ஃபவுண்டரி ஷாப்பில் ஒரு சின்ன புஷ் வார்க்கும்போதே நமக்குக் காற்றுக்குமிழி விழுந்து பாதி ரிஜெக்ட் ஆகிறது!

மா யுவான் அவற்றை உருக்கினார். குதிரை என்றால் அவருக்கு உயிர். நல்ல குதிரை எது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். உருக்கிய வெண்கலத்தில் ஒரு குதிரை வார்த்தார். உயரம் 3 'சீ' 5 'சுன்', நம் கணக்கில் சுமார் 80 செ.மீ. அது வெறும் அலங்காரப் பொம்மை இல்லை. நல்ல குதிரையின் தலை, வாய், பல், உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி. நம் பாஷையில் மாஸ்டர் பீஸ். பேரரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அரண்மனை மண்டபத்தின் முன்னால் வைத்தார்கள்.

அதாவது, வியட்நாமியரின் முரசை உருக்கிச் சீனர் ஒரு கேஜ் செய்தார்கள்! கதைக்காக நான் கட்டியது இல்லை இது, அவர்கள் வரலாற்று நூலில் பெருமையாக எழுதி வைத்தது.

பயமும் ஆசையும்

இளக்காரம் மட்டும்தான் இருந்ததா? இல்லை. பயமும் இருந்தது. தெற்கே கிளம்பும் விஷக் காற்றில், பறக்கும் பருந்து கூடத் தண்ணீரில் விழுவதைப் பார்த்தேன் என்று மா யுவான் சொல்லியிருக்கிறார். அவர் படையில் பத்துக்கு நாலைந்து பேர் நோயிலேயே செத்தார்கள். மலேரியா போன்ற காய்ச்சலாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள்.

ஆசையும் இருந்தது. மா யுவான் திரும்பும்போது, உடம்புக்கு நல்லது என்று ஒரு வண்டி நிறைய ஒருவகைக் காட்டுத் தானிய மணிகளைக் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகு, 'வண்டியில் வந்தது மணி இல்லை, முத்து' என்று புகார் கிளம்பியது. பேரரசரும் கோபப்பட்டார். தெற்கிலிருந்து வருகிறவன் முத்தோடுதான் வருவான் என்று தலைநகரில் அவ்வளவு நம்பிக்கை!

பயம், ஆசை, இளக்காரம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததற்குச் சாட்சி ஷுவே சோங். சீனாவில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது சின்ன வயதில் ஜியாவோஜி பக்கம் அடைக்கலம் போனவர். உயிர் பிழைத்ததே அங்கேதான். கி.பி. 231-ல் அவர் தன் அரசருக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். தெற்கே சில இடங்களில் ஆணும் பெண்ணும் உடம்பை மூடுவதில்லை, முகம் மனித முகமே தவிர மற்றபடி புழுபூச்சிதான் என்கிற மாதிரி எழுதினார். அடுத்து முத்து, வாசனைப் பொருள், யானைத் தந்தம், ஆமை ஓடு, மயில் என்று சாமான் பட்டியல்.

ஆனால் அதே ஓலையில் ஓர் உண்மையும் சொன்னார். ஓர் ஆளுநரின் ஆட்சியில் ஒரு மீனுக்கு ஒரு மரக்கால் கணக்கில் நெல் பிடுங்கினார்கள், அதனால்தான் ஜனங்கள் எழுந்தார்கள் என்றார். ஹைனான் தீவில் அதிகாரிகள் மக்களின் அழகான தலைமுடியை மழித்துச் சவுரி செய்ததால்தான் அந்தத் தீவே கைவிட்டுப் போனது என்றார். புழுபூச்சி என்று எழுதிய அதே கை! இதனால்தான் இந்தப் பழைய குறிப்புகளைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடவும் முடியவில்லை.

கேஜுக்குள் அடங்கியவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே தான் ஹோவா வட்டாரத்தில் பிறந்து, சீன எழுத்து படித்துத் தேறிய குவோங் கோங் ஃபூ, 783-ல் தாங் பேரரசின் முதன்மை அமைச்சர்களில் ஒருவரானார். அப்போது அந்த நாட்டுக்குச் சீனர் வைத்திருந்த பெயர் 'ஆன் நாம்', அதாவது அமைதிப்படுத்தப்பட்ட தெற்கு. பெயரை வைத்தவர்கள் அமைதிப்படுத்தியவர்கள்தான்!

நெற்றியில் எழுதிய மூன்று எழுத்து

938-ல் பாக் டாங் ஆற்றில் சீனப் படையைத் தோற்கடித்து வியட்நாம் தனி நாடானது. இனி சீனர் ஆளுநராக வர முடியாது, தூதராகத்தான் வர முடியும். பார்வை மாறியதா?

990-ல் சோங் பேரரசின் தூதர் சோங் காவ், அரசர் லே ஹோவானைப் பார்க்க வந்தார். ஒன்பது வருடம் முன்னால் சோங் படையைத் தோற்கடித்து அனுப்பிய அரசர் இவர். 'சண்டையில் குதிரையிலிருந்து விழுந்து காலில் அடி' என்று சொல்லி, பேரரசரின் ஆணையை வாங்கும்போது மண்டியிடவில்லை. விருந்தில் தானே பாட்டுப் பாடினார். வெறுங்காலோடு மூங்கில் தூண்டில் பிடித்து மீன் பிடித்தார். ஒரு ராட்சத மலைப்பாம்பைக் கொண்டுவரச் சொல்லி, 'சாப்பிடுவீர்களா, சமைக்கட்டுமா?' என்று கேட்டார். தூதர் வேண்டாம் என்றுவிட்டார்.

சோங் காவ் ஊருக்குப் போய், நாகரிகம் தெரியாத அரசர், நகரத்தில் ஓலைக் குடிசைதான் என்று அறிக்கை கொடுத்தார். ஆனால் இன்னொன்றையும் பார்த்து எழுதினார். வீரர்கள் நெற்றியில் மூன்று எழுத்து பச்சை குத்தியிருந்தது: 'வானின் மகனின் படை'. 'வானின் மகன்' என்பது சீனப் பேரரசருக்கு மட்டுமே உரிய பட்டம். 'பச்சை குத்தும் காட்டுமிராண்டி' என்று எந்த நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்த நெற்றியிலேயே சீன எழுத்தில் பதில் எழுதியிருந்தது! மண்டியிடாத கால், பாம்பு விருந்து எல்லாம் வேண்டுமென்றே நடத்திய நாடகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 987-ல், வேறொரு தூதர் வந்தார். அவரை ஆற்றில் ஏற்றிவந்த படகோட்டி உண்மையில் வேஷம் போட்ட ஒரு புத்த பிக்கு. தூதர் வாத்தைப் பார்த்துக் கவிதையின் முதல் பாதியைச் சொல்ல, படகோட்டி மறுபாதியைச் சொல்லி முடித்தார் என்று வியட்நாம் வரலாறு சொல்கிறது. துடுப்புப் போடுகிறவனே இப்படி என்றால் படித்தவன் எப்படி இருப்பான் என்று தூதர் திகைத்துப் போகட்டும் என்பதுதான் திட்டம்.

நம்மையும் பார்த்தார்கள்

1178-ல் ஜோ சூஃபே என்ற அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். தெற்கு எல்லையில் வேலை பார்த்துத் திரும்பியவர். எல்லோரும் 'அங்கே எப்படி? அங்கே எப்படி?' என்று கேட்டு நச்சரித்ததால், பதிலுக்குப் பதிலாகப் புத்தகமே எழுதிவிட்டார். வியட்நாமியர் கறுப்பு உடை, கறுத்த பல், வாரி முடிந்த கொண்டை, வெறுங்கால், பெரியவர் சிறியவர் எல்லோரும் அப்படியே என்று குறித்தார். பல்லைக் கறுப்பாக்குவது அங்கே அழகு. அழுக்கு என்று நினைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள்.

இதே புத்தகத்தில் நம் சோழ நாட்டைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது! சோழரிடம் அறுபதாயிரம் போர் யானை, யானை முதுகில் வீடு கட்டி வீரர்களை ஏற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அறுபதாயிரம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன். பெரிதாக்கிச் சொன்னால் இனிக்கிறது, சிறிதாக்கிச் சொன்னால் கசக்கிறது. இரண்டையும் ஒரே ஆள், தூரத்திலிருந்து, ஒரே பேனாவால்தான் எழுதுகிறார்.

முரசு மறுபடி ஒலித்தது

13-ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட மங்கோலியர் மூன்று முறை படையெடுத்துத் தோற்றார்கள். கடைசித் தோல்வி 1288-ல், அதே பாக் டாங் ஆற்றில். அதற்குப் பிறகு 1293-ல் தூதராக வந்தவர் சென் ஃபூ. ஊர் வழக்கங்களையெல்லாம் விவரமாக எழுதினார். கூடவே ஒரு கவிதையில், அங்கே ஒலித்த வெண்கல முரசின் சத்தத்தில் தன் தலைமுடியே நரைத்தது என்ற பொருளில் ஒத்துக்கொண்டார். மா யுவான் உருக்கிய முரசு 1,250 வருடம் கழித்து ஒரு தூதரின் தூக்கத்தைக் கெடுத்தது!

எழுத்தே மிஞ்சக் கூடாது

மிங் பேரரசை நிறுவியவர், படையெடுக்கவே கூடாத 15 நாடுகளின் பட்டியலில் ஆன் நாமையும் சேர்த்துவிட்டுப் போனார். அவர் மகன் யோங்லே பேரரசர் 1406-ல் படை அனுப்பி, 1407-ல் நாட்டைச் சீன மாகாணமாக்கினார். வியட்நாமியர் எழுதிய புத்தகம், கல்வெட்டு எதுவானாலும் ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் அழிக்கச் சொன்னார். சீனர் வைத்த கல்வெட்டை மட்டும் தொடக் கூடாது. பல்லைக் கறுப்பாக்கவும் தடை வந்தது.

அதே சமயம் திறமையான ஆட்களைத் தேடிப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் நுயென் ஆன். பெய்ஜிங் நகரத்தின் ஒன்பது வாயில் கோபுரங்களையும், 1440-41-ல் அரண்மனையின் மூன்று பெரிய மண்டபங்களையும் கட்டும் வேலையை மேற்பார்த்தவர் அவர்தான். சிவில் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள்! கையில் தொழில் இருக்கலாம், கையில் வரலாறு மட்டும் இருக்கக் கூடாது. இருபது வருடத்தில் லே லோய் தலைமையில் மக்கள் எழுந்து, 1428-ல் நாடு மறுபடி விடுதலையானது.

இதன் விளைவு இன்றும் இருக்கிறது. வியட்நாமியர் தங்கள் முற்கால வரலாற்றைத் தெரிந்துகொள்ள, தங்களைப் பூச்சி என்று எழுதிய சீன நூல்களையே புரட்ட வேண்டியிருக்கிறது. டிருங் சகோதரிகளின் கதையே நமக்கு அந்த வழியில்தான் வந்தது.

பக்கத்தில் வந்து பார்த்தவர்

1835-ல் சாய் திங்லான் என்ற ஏழைப் படிப்பாளி தைவான் பக்கம் போன கப்பல் புயலில் சிக்கி வியட்நாம் கரையில் ஒதுங்கினார். தூதரும் இல்லை, தளபதியும் இல்லை. சாப்பாட்டுக்கே அவர்கள் தயவு. பேச்சு புரியாது, ஆனால் இரு தரப்புக்கும் சீன எழுத்து தெரியும். காகிதத்தில் எழுதி எழுதியே பேசினார்கள். அரசர் மின் மாங் பண உதவி செய்தார். தரை வழியாகவே 1836-ல் ஊர் திரும்பினார். அவர் புத்தகத்திலும் வெறுங்கால் அதிகாரி, பேன் எடுக்கும் அதிகாரி எல்லாம் உண்டு. ஆனால் சோறு போட்டவர்கள், கவிதை பரிமாறியவர்கள், பிரியும்போது கலங்கியவர்கள் எல்லோரும் பேரோடு வருகிறார்கள். தூரத்தில் இருந்தபோது 'அவர்கள்', பக்கத்தில் வந்தபோது 'இன்னார்'.

ஒரு பக்கமாக மட்டும் சொல்லி முடித்தால் நான் பொய் சொன்னவனாவேன். அதே மின் மாங் அரசர் அதே 1835 வாக்கில் கம்போடியாவைத் தன் மாகாணமாக்கி, கெமர் மக்களை நாகரிகமற்றவர்கள் என்றார். எங்களைப் போல உடுத்து, எங்களைப் போல நட என்று கட்டாயப்படுத்தினார். தன் மக்களை 'ஹான்' என்றே அழைத்துக்கொண்டார்! எந்த கேஜால் அளக்கப்பட்டார்களோ, அதே கேஜைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நம் கையில் இருக்கும் கேஜ்

நண்பர்களே, கடைசியாக ஒன்று. இங்கே அட்மிஷனுக்கு வந்தபோது ஃபாரத்தில் 'பெற்றோர் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று நானே என் கையால் எழுதினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா மண்ணைக் காலால் மிதித்தே ஈரம் சொல்வார். எந்த வயலுக்கு எவ்வளவு ஆழம் கொழு இறங்கணும் என்பது அவருக்குக் கைப்பாடம். அந்தக் கட்டத்தில் அதை எழுத இடம் இல்லை. ரென் யான் கதையைப் படித்த அன்று ராத்திரி எனக்கு அந்த 'இல்லை' ஞாபகம் வந்தது.

நாளைக்கு நாம் சூப்பர்வைசராகப் போவோம். மஸ்டர் ரோலில் பெயர் எழுதும் பேனா நம் கையில் வரும். முப்பது வருடம் வார்ப்பட வேலை பார்த்த பெரியவர் பெயருக்கு நேரே, சர்டிபிகேட் இல்லாததால், 'அன்ஸ்கில்டு' என்று எழுதச் சொல்வார்கள். ஃபாரத்தை நம்மால் உடனே மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்: "ஐயா, இந்த மோல்டை எப்படிக் கட்டினீங்க?"

முரசை உருக்கும் முன் மா யுவான் அதைக் கேட்டிருந்தால், நமக்கு இன்று இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.



- மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்